டியூப் உறை போட்ட போன்

கட்டைவிரல்தான் முதலில் கண்டுபிடித்தது.

மதிய வெயில் கடைக்குள் பாதி தூரம் வந்து நின்றிருந்தது. காத்துக்காரர் ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டு அழுத்தி வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, மேல்பலகையிலிருந்து போனை எடுத்தார். மகள் கூப்பிட்டிருக்கிறாளா என்று பார்க்கத்தான். காலையிலிருந்து அவருக்கு இதே வேலை. ஒரு ஒட்டுப் போடுவார், ஒரு தடவை போனைப் பார்ப்பார். இந்த முறை எடுத்ததும் கட்டைவிரல் போனின் முதுகில் பதிந்தது. பதிந்த விரல் அப்படியே நின்றது. மறுபடி அழுத்தினார். மெத்தென்று உள்ளே போய், மெத்தென்று திரும்பி வந்தது.

உள்ளே காற்று.

ஆயுசு முழுக்க டியூபை அழுத்திப் பார்த்த விரல் அது. மீட்டர் பொய் சொல்லும், வண்டிக்காரன் பொய் சொல்வான், அந்த விரல் சொல்லாது. சைக்கிளிலிருந்து லாரி வரைக்கும் அந்தத் தெருவில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் காற்றடிப்பவர் என்பதால்தான் அவருக்குக் காத்துக்காரர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரனே முழிப்பான். அப்பேர்ப்பட்டவருக்குத் தெரியாமல் இந்தப் போனுக்குள் காற்றடித்தது யார்?

போனைக் காதருகே வைத்துக் கேட்டார்.

"என்னங்க, சத்தத்தையே காணோம். கூப்பிட்டாளா?" பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவி கேட்டாள்.

"இல்ல."

"இல்லன்னு சொல்ல இவ்வளவு நேரமா? எனக்குக் கால்லதான் மாவுக்கட்டு. உங்களுக்கு வாயிலயும் போட்டுட்டாங்களா?"

கடையில் முனகினால் கட்டிலில் கேட்கும். அந்த இடத்தின் அமைப்பு அப்படி. ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒரே அறை. முன்பாதி கடை, பின்பாதி வீடு, நடுவே ஒரு பலகைத் தடுப்பு. பின்பக்கம் கதவு கிடையாது. வெளியே போக வேண்டுமானால் கடை வழியாகத்தான் போக வேண்டும். கடையில் இரண்டு பக்கமும் டயர்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஆணிகளில் டியூப்கள் தொங்கும். பலகைகளில் சொல்யூஷன் டப்பாக்கள், நெருப்புப் பட்டால் குப்பென்று பற்றுகிற ரப்பர்ப் பசை. அவற்றில் ஒன்று எப்போதும் மூடியில்லாமல் திறந்தே இருக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்த மனைவி இடுப்பிலிருந்து பாதம் வரை கட்டுப் போட்டுக்கொண்டு, இவ்வளவுக்கும் பின்னால் கட்டிலில் கிடந்தாள். தானாக எழுந்து உட்காரக்கூட அவளால் முடியாது.

போனைத் திருப்பிப் பார்த்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. தெரியாது. ஏனென்றால் அந்தப் போனுக்கு அவரே ஓர் உறை செய்து மாட்டியிருந்தார். கடையில் விற்கிற உறையெல்லாம் ஏமாற்று வேலை என்பது அவர் கட்சி. பழைய ஸ்கூட்டர் டியூபில் ஒரு துண்டு வெட்டி, போனை உள்ளே திணித்து, முன்கண்ணாடிக்கும் சார்ஜருக்கும் மட்டும் வழி விட்டு, ஓரத்தைச் சொல்யூஷன் வைத்து ஒட்டிவிட்டார். தூசி போகாது, தண்ணீர் போகாது, கீழே விழுந்தால் பந்து மாதிரி எழும்பும். போன தடவை லீவில் வந்த மகள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, போனும் மூச்சு விடணும்ப்பா. இதைக் கழட்டிப் போடுங்க. சூடு உள்ளயே தங்கும்." அவர் கழற்றவில்லை. ரப்பரைப் பற்றி அவருக்கே பாடமா?

இப்போது அந்த ரப்பர் விம்மிக்கொண்டிருந்தது.

மகள் நர்ஸ். எங்கோ தூரத்தில், ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. மழை விடாமல் பெய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியாகப் பேசியபோது அவள் குரலுக்குப் பின்னால் ஆட்கள் ஓடுகிற சத்தமும் இரும்புக் கட்டிலை இழுக்கிற சத்தமும் கேட்டன. "அப்பா, ஆறு கரையை உடைச்சிடுச்சு. கீழ இருக்கிற நோயாளிங்களை எல்லாம் மாடிக்கு ஏத்திட்டிருக்கோம். இங்க கரண்ட் இல்ல. என் போன்ல கொஞ்சம்தான் சார்ஜ் இருக்கு. நீங்க கூப்பிடாதீங்க, நானே கூப்பிடறேன். நீங்க போனை மட்டும் அணைச்சிடாதீங்கப்பா, என்ன?" அதோடு சரி.

அந்த நிமிடமே போனைச் சார்ஜில் சொருகியவர், பிறகு கழற்றவே இல்லை. கடையில் ஒரே ஒரு பிளக்தான் சும்மா இருந்தது. அது ஹாட் பேட்ச் மெஷினுக்கு நேர் மேலே. டியூபில் ஒட்டை வேகவைக்கிற மெஷின் அது. அதன் சூடு மேலே எழுந்து பலகையில் படும். பலகையில்தான் போன்.

மகளுடைய நம்பர் அந்தப் போனுக்குள் மட்டும்தான் இருந்தது. வேறு எங்கும் இல்லை. முன்பெல்லாம் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது. மனைவி எழுதியது. பிறகு ஒரு நாள் எவனோ கூப்பிட்டு, உங்கள் மகள் விபத்தில் மாட்டிக்கொண்டாள், உடனே நான் சொல்வதைச் செய்யுங்கள் என்றான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், அப்பா அப்பா என்று அழுதது. அச்சு அசல் அவள் குரல். காத்துக்காரருக்கு ஈரக்குலையே அறுந்துவிட்டது. நல்ல வேளையாக மகள் அப்போது லீவில் வந்து வீட்டிலேயே இருந்தாள். தலை துவட்டிக்கொண்டே வந்து, "யாருப்பா போன்ல?" என்று கேட்டாள். சுவரில் நம்பரைப் பார்த்த எவனோதான் என்று அன்றைக்கே அவர் சுவரைத் துடைத்து, துடைத்த இடத்தில் பெயின்டும் அடித்தார். போனுக்குப் பூட்டுப் போட்டார். லாரிச் சக்கரத்துக்கு நட்டு முறுக்குவது போல எதிரெதிராகக் கோடு இழுத்தால்தான் அது திறக்கும். எப்படித் திறப்பது என்று மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

"நம்பரை எங்கயாவது எழுதி வைங்க. நாளைக்கு அந்தப் போன் செத்துப்போனா நான் யாரைக் கேக்கறது?" என்று அவள் எவ்வளவோ சொன்னாள்.

"எழுதி வெச்சா எவன் கையிலயாவது மாட்டும்."

"என் கையிலயும் மாட்டலையே, அதைச் சொல்லுங்க."

அந்தப் பேச்சு இப்போது காதில் கேட்டது.

சார்ஜரைப் பிடுங்கினார். போன் கொதித்தது. கடையின் ஓரத்தில் பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி. அவர் கை தானாகவே போனை அதற்குக் கொண்டுபோனது. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால் தண்ணீரில் முக்க வேண்டும், குமிழி வருகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கை நின்றது. முக்கினால் போன் செத்துவிடும், மகள் கூப்பிடுவாள் என்று தலைக்கு உறைத்தது.

சரி, முக்க வேண்டாம். காற்றை இறக்கினால்? டயர் தைக்கிற கோணூசி கைக்கு எட்டுகிற தூரத்தில் தொங்கியது. எடுத்தார். ஊசி முனையை உறையின்மேல் வைத்தார். ஒரு குத்து போதும். உஸ் என்று இறங்கிவிடும், போன் பழையபடி தட்டையாகிவிடும். டயரில் உப்பின கொப்புளத்தை எத்தனை தடவை இப்படிக் குத்தி இறக்கியிருப்பார்!

முனையை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ரப்பர் குழிந்தது. உள்ளே ஏதோ 'டிக்' என்றது.

ஊசியை அப்படியே போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பாம்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்தவனுக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது மாதிரி இருந்தது.

"என்ன விழுந்துச்சு?" என்றாள் மனைவி.

"ஊசி. நீ படு. நான் எதிர்க் கடை வரைக்கும் போயிட்டு வந்திடறேன்."

"எதிர்க் கடைக்கா! அவன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொன்னீங்க?"

எதிர்க் கடை போன் ரிப்பேர் கடை. அதை நடத்துகிறவனை எல்லோரும் ஒட்டுக்கண்ணாடி என்பார்கள். போன்களுக்குக் கண்ணாடி ஒட்டுகிறவன். தன் மூக்குக் கண்ணாடியின் ஒரு காலையும் டேப் சுற்றி ஒட்டித்தான் வைத்திருந்தான். நாற்பதைத் தாண்டியவன், வாய்க்காரன். காத்துக்காரர் அவனைக் கண்டாலே ஒதுங்குவார். ஒரு பொருளைத் திறந்து உள்ளே பார்க்கத் தெரிந்தவன் அதிலிருந்து எதையாவது எடுக்கவும் தெரிந்தவன்தான் என்பது அவர் கணக்கு.

"வாங்கய்யா! மழைதான் வரும்போல இருக்கு, நீங்களே நம்ம கடைக்கு வர்றீங்க" என்றான் ஒட்டுக்கண்ணாடி. பிறகு உறையைப் பார்த்துச் சிரித்தான். "இதென்ன போனா, பிரேக் கட்டையா?"

"சிரிக்காத. உள்ள காத்து ஏறியிருக்கு. பாரு."

அவன் ஒரு விரலால் தொட்டான். சிரிப்பு நின்றது. விரலை இழுத்துக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். அவன் முகம் மாறியதைப் பார்த்ததும்தான் காத்துக்காரருக்கு முழுப் பயமும் வந்தது.

"ஐயா, மேஜை மேல வைக்காதீங்க. அப்படியே வெளியில வாங்க. மெதுவா. கைல இறுக்கிப் பிடிக்காதீங்க."

இருவரும் தெருவில் நின்றார்கள்.

"எங்க வெச்சு சார்ஜ் போட்டீங்க?"

"ஹாட் பேட்ச் மெஷினுக்கு மேல."

"இந்த உறையோடவா?"

"உறையோடதான்."

"விடாம சொருகியேவா?"

"மக கூப்பிடுவா. அணையக் கூடாதுல்ல?"

ஒட்டுக்கண்ணாடி நெற்றியில் கை வைத்தான். "இது நீங்க நினைக்கிற காத்து இல்லய்யா. பேட்டரி சூட்டுல வெந்து கெட்டு, வாயு கட்டி உப்பியிருக்கு. இப்பவே அணைங்க. இனிமே கரண்ட்ல சொருகவே கூடாது. குத்தக் கூடாது, வளைக்கக் கூடாது, அழுத்திப் பாக்கவும் கூடாது."

"குத்தினா?"

"குத்தினீங்களா?"

"கேக்கறேன்ப்பா, சும்மா."

"பத்திக்கும். அணைக்கவும் முடியாது சீக்கிரத்துல. ஒரு வாளி மண்ணுல வெச்சு வெட்டவெளியில வெச்சிடணும். சிம்மை மட்டும் எடுத்துக்கலாம். கூப்பிடறது போனுக்கு வர்றதில்லய்யா, சிம்முக்குத்தான் வருது. வேற போன்ல போட்டா உங்க பொண்ணு அதுல வரும். என்கிட்ட ஒரு பழைய போன் கிடக்கு. சும்மா வெச்சுக்குங்க, அப்புறமா குடுங்க. உறையை நானே வெட்டி எடுக்கறேன், குடுங்க."

சும்மா என்ற வார்த்தை காத்துக்காரரின் காதில் கல்லாக விழுந்தது. சும்மா கொடுக்கிறவனை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"சும்மா எதுக்குக் குடுக்கறே?"

"உங்க பொண்ணு..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"என் பொண்ணு? என் பொண்ணுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லய்யா. சொல்ல வந்தேன், மறந்துட்டேன்."

"மறந்துட்டியா!" காத்துக்காரர் போனை மார்போடு அணைத்துக்கொண்டார். மூடி மறைக்கிறவன் கையில் சிம்மைக் கொடுப்பதா? வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரிதானே? "என் போனை எனக்குப் பாத்துக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"ஐயா, நெஞ்சுல வெச்சுக்காதீங்க அதை!" என்று பின்னாலிருந்து கத்தினான் அவன். "உள்ள அம்மா படுத்திருக்காங்கய்யா!"

அந்தக் கடைசி வார்த்தைதான் தெருவைத் தாண்டும்வரை அவர் கூடவே வந்தது.

கடை வாசலுக்கு வந்ததும் கால் உள்ளே போக மறுத்தது. போனை எங்கே வைப்பது? பலகையில் சொல்யூஷன். தரையில் ரப்பர்த் தூள். வலப்பக்கம் டயர், இடப்பக்கம் டயர். இத்தனை நாள் சோறு போட்ட சாமான்கள் எல்லாம் இப்போது தீக்குச்சிக் கட்டாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் அவள். தீப்பிடித்தால் அவளைத் தூக்கிக்கொண்டு வருவது யார்? எந்த வழியாக?

அணைத்துவிடலாமா? கட்டைவிரல் ஓரத்துப் பொத்தானுக்குப் போனது. அணைத்த நொடியில் அவள் கூப்பிட்டால்? அணைச்சிடாதீங்கப்பா என்றாளே. விரல் திரும்பி வந்தது.

கடைசியில் வாசலுக்கு வெளியே ஒரு லாரி ரிம்மைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் போனை வைத்து, பக்கத்தில் குந்தினார். சிம்மை எடுக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குச் சரியாகப் பட்டது. ஆனால் தானே எடுப்பார். பிளேடை எடுத்து, ஒட்டின ஓரத்தை நூல் நூலாகக் கீறினார். டியூப் வெட்டுகிற வேகத்தில் பாதிகூட இல்லை. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

கடைசி ஒட்டு விட்டதும் ரப்பர் பட்டென்று விலகியது. உள்ளே இருந்த போன் வாயைத் திறந்த மாதிரி இருந்தது. முன்கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு பை, ஊதிப்போய்ப் பளபளத்தது. இனிப்பும் புளிப்புமாக ஒரு வாடை வந்தது. அவர் கடையில் இல்லாத வாடை.

அப்போது போன் அடித்தது.

தூக்கிக்கொண்டிருந்த கண்ணாடியில் 'பாப்பா' என்ற எழுத்து கோணலாகத் தெரிந்தது.

"அடிக்குது!" என்று உள்ளேயிருந்து மனைவி அலறினாள். "அவதான்! எடுங்க!"

அவர் விரலால் இழுத்தார். எடுக்கவில்லை. மறுபடி இழுத்தார். சொல்யூஷன் ஏறி ஏறி அவர் விரல் நுனியெல்லாம் காய்ப்புப் பிடித்திருக்கும். நல்ல நாளிலேயே நாலைந்து தடவை இழுத்தால்தான் போன் அந்த விரலை மதிக்கும். யாராவது கூப்பிட்டால் மனைவிதான் தொட்டுக் கொடுப்பாள். இப்போது கண்ணாடியும் வளைந்து கிடந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன பண்றீங்க? எடுங்களேன்! நின்னுடப்போகுது!"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒட்டுக்கண்ணாடி சொன்னதெல்லாம் தலையிலிருந்து போய்விட்டது. அவள் விரல் ஒன்றுதான் ஞாபகம் வந்தது. போனை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். "இரு, இரு, உன் விரலைக் குடு, நீ தொடு..."

டயர் அடுக்குகளின் நடுவே பாதி வழி. தடுப்பின் இடைவெளியில் அவள் நீட்டிய கை தெரிந்தது. அப்போது உள்ளங்கையில் உஸ் என்று ஒரு சத்தம். வால்வு பிடுங்கின டியூபின் சத்தம். உலகத்திலேயே அவருக்கு மிகவும் பழகிய சத்தம். இதுவரை அது அவரைப் பயமுறுத்தியதே இல்லை. வெள்ளைப் புகை விரலிடுக்கில் பீறிட்டது.

"ஐயோ, புகை!" என்றாள் அவள்.

சூடு கையைத் தின்றது. போட்டுவிடு, போட்டுவிடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. போட்டால் இங்கே விழும். திறந்த சொல்யூஷன் டப்பா முழங்கை உயரத்தில் இருந்தது. அவளுக்கும் வாசலுக்கும் நடுவே விழும். அவர் போடவில்லை. விரலை இன்னும் இறுக்கிக்கொண்டு திரும்பி ஓடினார். சீறிக்கொண்டிருந்த அந்தப் பொருள் அப்போதும் மணியடித்துக்கொண்டிருந்தது. மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வாசல் தாண்டியதும் கையை உதறினார். போன் நடுத்தெருவில் விழுந்து துள்ளியது. ஒரு முழ உயரத்துக்குத் தீ, விசில் அடிப்பது போலக் கிளம்பியது. மணி நின்றது.

எதிர்க் கடையிலிருந்து ஒட்டுக்கண்ணாடி மண் வாளியோடு ஓடிவந்தான். எப்போது அள்ளினானோ, அவர் திரும்பிப் போனதிலிருந்து தயாராகவே நின்றிருக்க வேண்டும். "கிட்ட வராதீங்க! புகையை இழுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே தள்ளி நின்று கொட்டினான். மண்ணுக்குள்ளிருந்தும் கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு அடங்கியது.

காத்துக்காரரைத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையைத் தண்ணீரில் அமுக்கியதும் அவன்தான். பஞ்சர் பார்க்கிற தண்ணீரில் அவர் கை கிடந்தது. உள்ளங்கைத் தோல் வெந்து சுருண்டிருந்தது. வலி இன்னும் வந்து சேரவில்லை.

"எடுத்தீங்களா? பேசினாளா?" உள்ளே அவள் அழுதுகொண்டிருந்தாள். "என்னங்க, என்ன சொன்னா?"

அவர் தொட்டித் தண்ணீரையே பார்த்தார். கொஞ்சம்தான் சார்ஜ் இருக்கு என்று சொன்னவள், இருந்ததையெல்லாம் இதற்குச் செலவழித்திருப்பாள். தண்ணீர் எந்தப் படி வரை ஏறியதோ. என்ன சொல்லக் கூப்பிட்டாளோ. பத்திரமாக இருக்கிறேன் என்றா? அல்லது வேறு ஏதாவதா? அதைத்தான் அவர் தெருவில் வீசினார். நம்பரும் அதோடு போயிற்று.

"சிம்?" என்றார், மெதுவாக.

"வெந்திருக்கும்யா. அதே நம்பர்ல புதுசு வாங்கிடலாம். நீங்களே நேர்ல போகணும், நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போறேன்."

நாளைக்கு. அவர் தொட்டியின் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நாளைக்கு வரை ஆறு சும்மா இருக்குமா?

ஒட்டுக்கண்ணாடியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். முகத்தில் ஒரு தயக்கம். "தெரியாத நம்பரா இருக்கு" என்று சொல்லிக் காதில் வைத்தான். கேட்டான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தான்.

"ஐயா, திட்டாதீங்க. போன தடவை வந்தப்ப உங்க பொண்ணு என் நம்பரைச் சீட்டுல எழுதி வாங்கிட்டுப் போச்சு. அப்பா போன் எடுக்கலைன்னா உங்களைக் கூப்பிடறேன், அவர்கிட்ட சொல்லிடாதீங்க, சண்டைக்கு வருவார்னு சொல்லுச்சு. அதைத்தான் அப்ப முழுங்கினேன். இந்தாங்க."

காத்துக்காரர் ஈரக் கையைச் சட்டையில் தேய்க்கப் போய், வலியில் துடித்து, மற்றக் கையால் வாங்கினார்.

"அப்பா..." ஒரு பெண் அழுதாள்.

அவர் போனைக் காதிலிருந்து விலக்கிப் பார்த்தார். அன்றைக்கும் இதேதான். இதே அழுகை, இதே அப்பா. தெரியாத நம்பர். பக்கத்தில் ஒருவன் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"நீ யாரு?" என்றார்.

"அப்பா, நான்தான்ப்பா."

"நான்தான்னா யாரு? எல்லாரும்தான் நான்தான்னு சொல்றாங்க."

அந்தப் பக்கம் அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு குரல் ஏறியது.

"யாரா? அடிச்சு அடிச்சு என் போனே செத்துப்போச்சு, நீங்க யாருன்னு கேக்கறீங்களா? ஏன் எடுக்கல? அந்த டியூப் சனியனைக் கழட்டிப் போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? சூடாகி நின்னு போயிருக்கும். சொன்னா கேட்டாதானே? அம்மாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஏதாவது ஆச்சுன்னா என்னப்பா பண்ணுவீங்க? என்ன மனுஷன் நீங்க?"

அழுகிற குரலை எவன் வேண்டுமானாலும் செய்து காட்டலாம். இப்படித் திட்ட ஒருத்தியால்தான் முடியும். காத்துக்காரர் டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கழட்டிட்டேன்" என்றார். "கழட்டிட்டேன் பாப்பா. நீ எங்க இருக்கே?"

"மூணாவது மாடியில. கீழ ரெண்டு மாடியும் தண்ணி. இது டாக்டரோட போன். படகு வருதுன்னு சொல்றாங்க. முதல்ல நோயாளிங்க, அப்புறம்தான் நாங்க. அதிகம் பேச முடியாதுப்பா, வரிசையில நிக்கறாங்க."

"உன் நம்பரைச் சொல்லு."

"என்னது?"

"உன் நம்பரைச் சொல்லும்மா, சத்தமா. டாக்டர் நம்பரையும் சொல்லு."

அவர் எழுந்து உள்ளே ஓடினார். எழுதக் காகிதம் தேட நேரமில்லை. டயரில் ஓட்டை இருக்கிற இடத்தைக் குறிக்கிற மஞ்சள் மெழுகுக் குச்சி பையில் இருந்தது. தண்ணீர் பட்டாலும் அழியாது. அதை மனைவி கையில் திணித்தார். மகள் சொல்லச் சொல்ல அவர் திருப்பிக் கத்தினார். அவர் கத்தக் கத்த, எட்டின இடத்தில், தன் தொடையின் மாவுக்கட்டில், அவள் பெரிது பெரிதாக எழுதினாள். எழுதி முடித்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கண்ணு... கண்ணு, நீ சாப்பிட்டியா? உங்கப்பா கையைச் சுட்டுக்கிட்டாரு... இல்லடி, நல்லாத்தான் இருக்காரு, திமிரு குறையல... நீ மேலேயே இரு. இறங்காத. படகு வர்ற வரைக்கும்..."

லைன் அறுந்தது. அவள் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

ஒட்டுக்கண்ணாடி தடுப்புக்கு வெளியிலேயே நின்றான். "படகு ஏறினதும் கூப்பிடுவாங்க. போன் இங்கயே இருக்கட்டும். பூட்டு எப்படித் திறக்கறதுன்னு அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன். அவசரத்துக்கு இன்னொரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும்யா."

"உன் கடைக்கு யாராவது கூப்பிட்டா?"

"எடுத்து, அண்ணன் வெளியில போயிருக்கார்னு சொல்லுங்க."

"சும்மாவா குடுக்கறே?"

"இல்ல. என் ஸ்கூட்டருக்கு ஆயுசுக்கும் காத்து அடிக்கணும்."

மனைவி அழுகையோடு சிரித்தாள். காத்துக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கையின் வலி இப்போதுதான் முழுசாக வந்துகொண்டிருந்தது. அவன் மருந்து வாங்கப் போனதும், அவர் சொல்யூஷன் டப்பாவை மூடினார். ஹாட் பேட்ச் மெஷினை அணைத்தார். டயர் அடுக்கை ஒரு கையால் தள்ளி, கட்டிலிலிருந்து வாசலுக்கு வழி செய்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில், மஞ்சள் எண்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வெளியே மண் குவியலிலிருந்து மெல்லிய புகை இன்னும் வந்துகொண்டிருந்தது. ஒட்டுக்கண்ணாடியின் போன் அவர் மடியில் கிடந்தது. அடிக்கவில்லை.

நல்ல கையின் கட்டைவிரல் அதன் முதுகை அழுத்திப் பார்த்தது.

"அதையும் அழுத்திப் பாக்கறீங்களா?" என்றாள் அவள்.

"அழுத்தல. தொட்டுத்தான் பாத்தேன்."

கல் மாதிரி இருந்தது. சூடும் இல்லை. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி தொட்டுப் பார்த்தார்.